அம்மாவின் கையும் அம்மாவின் நாக்கும்

தமிழில் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுத உட்காரும் பலரும் ஏதாவது ஒரு பக்கத்தில் அம்மாவின் சமையலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு ரசம், ஒரு வத்தக்குழம்பு, கோடைக்காலத்துக் கஞ்சியும் துவையலும், தீபாவளிக்கு முந்தைய இரவின் அதிரச வாசம். எழுதுகிறவர் எங்கோ தொலைவான நகரத்தில் ஒரு வாய் சோறு உண்கிறார். அது அவரை முப்பது ஆண்டு பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் புகை படிந்த ஓர் அடுப்படியில் நிறுத்துகிறது. அங்கே அம்மா நிற்கிறாள். ஈரக் கை தெரிகிறது, வளையல் சத்தம் கேட்கிறது. கவிதையோ கட்டுரையோ பெரும்பாலும் அங்கேயே கண் கலங்கி முடிந்துவிடுகிறது. இந்த வகை எழுத்துக்கென்று நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: கைமணம்.

அந்தச் சொல்லில் கை இருக்கிறது, மணம் இருக்கிறது. மணத்தை நுகரும் மூக்கும் ருசியை அறியும் நாக்கும் அதில் இல்லை. அவை சாப்பிட உட்கார்ந்தவருடையவை. சமைத்தவளின் பங்கு கையோடு முடிந்துவிடுகிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. சமைக்கும்போது உப்புப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது எச்சில் என்ற விதி நம் பல வீடுகளில் இருந்தது. சிலவற்றில் இன்றும் இருக்கிறது. சாமிக்குப் படைக்க வேண்டும், ஆண்கள் முதலில் உண்ண வேண்டும். அதனால் அவள் கொதியின் வாசத்தை வைத்தே உப்பை ஊகிக்கப் பழகினாள். ‘ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை, ஆனால் உப்பு ஒரு கல் கூடாது, குறையாது’ என்று இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நாக்கை விலக்கி வைத்ததற்குக் கிடைத்த பாராட்டு அது.

இலக்கிய வகுப்புகளில் ருசியும் நினைவும் என்றதும் மார்செல் புரூஸ்ட்டைச் சொல்வார்கள். 1913இல் வந்த அவருடைய நாவலின் முதல் பாகத்தில், தேநீரில் நனைத்த ஒரு சிறு கேக் துண்டு கதைசொல்லிக்கு அவனுடைய குழந்தைப் பருவத்து ஊரையே திருப்பித் தருகிறது. இப்போதைய தேநீரை அவனுக்குத் தருவிப்பவர் அம்மா. நினைவில் எழும் தேநீரைத் தந்தவர் லெயோனி அத்தை. இரண்டு பெண்கள் கொடுக்கிறார்கள், ஒரு மகன் சுவைத்து நினைக்கிறான். நம் நினைவு எழுத்துகளும் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் நகர்கின்றன. அதனால் இந்த எழுத்துகளிடம் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். நாம் ‘அம்மாவின் ருசி’ என்று பெயரிட்டு வைத்திருப்பது யாருடைய ருசி?

பழைய பாட்டு இரண்டிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. மணமாகிப் போன மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள்: உன் மகள் கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரலால் பிசைந்தாள், அந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்து அதைத் துவைக்காமலே உடுத்திருந்தாள், தாளிதப் புகை கண்ணில் கரித்தது, தானே துழாவிப் புளிக்குழம்பு சமைத்தாள். கணவன் இனிது என்று உண்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது.

நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் பாட்டு இது. இதில் வரும் உறுப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் மாணவிகள் விரல், கண், நெற்றி, முகம் என்று எழுதுவார்கள். நாக்கு எங்கே என்று கேட்டால் கணவனிடம் போக வேண்டியிருக்கும். அந்தக் குழம்பு அவளுக்குப் பிடித்திருந்ததா, அவள் உண்டாளா என்பது பாட்டில் இல்லை. அவளுடைய மகிழ்ச்சி அவனுடைய சுவையின் பின்விளைவாக மட்டுமே வருகிறது. மிக அழகான பாட்டு. அழுக்கான சேலையையும் புகை கரிக்கும் கண்ணையும் ஒளிக்காமல் காட்டிய பாட்டு. உழைப்பை இவ்வளவு கூர்ந்து பார்த்த கவிஞருக்கும் அவளுடைய வாய் கண்ணில் படவில்லை.

நற்றிணை 110, போதனார் பாடியது. இதுவும் செவிலி பேச்சு. அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது, தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, இன்னொரு கையில் சிறு கோலோடு செவிலியர் அவள் பின்னால் ஓடுவார்கள். முத்துப் பரல் கொண்ட சிலம்பு ஒலிக்க அவள் பந்தலில் ஓடிப் போக்குக் காட்டுவாள். நரைத்த கூந்தல் கொண்ட அந்த மூதாட்டிகள் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவள் இப்போது கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டுச் செழிப்பான சோற்றை நினைப்பதில்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள்.

நாம் பேசும் பொருளுக்கு இதைவிட நேரான பாட்டு வேறில்லை. பெற்றவர் வீட்டு ருசியை ஒரு பெண் நினைவுகூர்வதைப் பற்றிய பாட்டு இது. அவள் நினைவுகூரவில்லை என்பதுதான் இதன் செய்தி. அந்த மறதிக்கே பாராட்டு. சிறுமியாக இருந்தபோது அவளுடைய ‘வேண்டாம்’ வீட்டையே ஓட வைத்தது. மனைவியான பிறகு அவள் வாய்க்கு ‘வேண்டும்’ என்ற சொல்லும் இல்லை.

இந்தப் பாட்டில் அவளுடைய தன்மானத்தைப் படிப்பவர்கள் உண்டு. வறுமையிலும் தந்தை வீட்டின் தயவை எதிர்பார்க்காத நிமிர்வு என்பார்கள். நியாயமான வாசிப்புதான். ஆனால் பாட்டைச் சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவள் நினைப்பதில்லை என்று சொல்வது செவிலி. செவிலிக்குத் தெரிந்தது, அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது மட்டுமே. சொல்லாததை நினைக்காததாக எடுத்துக்கொள்கிறாள். அன்புள்ளவர்களும் செய்கிற வேலை இது. ‘அம்மாவுக்கு அப்படி ஆசை எதுவும் கிடையாது, நாங்கள் சாப்பிட்டால் போதும்’ என்று நாமும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

இனி நம் வீடுகளுக்கு வருவோம். திருமணமாகிப் பெண் கணவன் வீட்டுக்குப் போவது இங்கே வழக்கம். அங்கே அடுப்பு ஏற்கெனவே ஒருவருடைய ஆட்சியில் இருக்கிறது. எந்த எண்ணெய், எவ்வளவு புளி, தேங்காய் அரைத்து ஊற்றுவதா கூடாதா, பூண்டு உண்டா இல்லையா என்பதெல்லாம் முடிவாகிவிட்ட விஷயங்கள். ‘எங்க அம்மா வைக்கிற மாதிரி இல்ல’ என்ற ஒரு வாக்கியம் போதும், அவள் தன் கையைத் திருத்திக்கொள்வாள். ஐந்தாறு ஆண்டில் மாமியாரின் குழம்பு அவள் கையில் ஏறிவிடும். அதற்குள் பிள்ளைகள் பிறந்து சோறு உண்ணத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் பின்னாளில் அம்மாவின் கைமணம் என்று நினைவுகூரப் போவது இந்தக் குழம்பைத்தான். கையெழுத்து அம்மாவுடையது, வாசகம் அப்பா வீட்டுடையது. முதலெழுத்தைப் போலவே ருசியும் தந்தை வழியில் இறங்குகிறது. அதன் மேல் அம்மாவின் பெயர் ஒட்டப்பட்டிருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. மசக்கைக் காலத்தில் மட்டும் அவளிடம் ‘உனக்கு என்ன வேணும்’ என்று கேட்கிறார்கள். மாங்காயும் சாம்பலும் கேட்கலாம். ஆனால் அந்த ஆசையும் வயிற்றுப் பிள்ளையின் கணக்கில்தான் எழுதப்படும். புறநானூறு 20இல் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணை வேட்கை கொண்ட கர்ப்பிணிகள் உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். ஒரு பெண்ணின் வாயூறல் மன்னனின் வீரத்துக்குச் சான்றாகிறது. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், மலையேறும் நீர் நிறைந்த மேகங்களைப் பார்த்துவிட்டு, பல மாதச் சுமையால் நடக்க முடியாமல் தளர்ந்து, பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூலிகளை நினைக்கிறார். இங்கேயும் அது உவமைதான். ஆனால் அந்த ஏக்கம் அவள் உடம்பின் களைப்போடு சேர்ந்தே வருகிறது, யாருடைய புகழுக்கும் போகவில்லை. பெண் கவிஞர் ஒருவர் பார்த்ததால் வந்த வித்தியாசம் இது என்று நான் வாசிக்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வளைகாப்பு முடிந்து போனவள், பிள்ளை பெற்றுத் திரும்பும் வரை சில மாதம் தன் அம்மா சமைத்ததை உண்கிறாள், அம்மா தரும் பத்தியச் சோறு உட்பட. தாய் உண்ணும் உணவின் வாசம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை பின்னர் கேரட் கலந்த உணவை முகச்சுளிப்புக் குறைவாக ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் தாய்வழி ருசி நம் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது. அதை நினைவாக வளர்ப்பதற்கான அடுப்புதான் பிறகு கிடைக்கவில்லை.

அப்பாவைப் பற்றிய ருசி நினைவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவை பெரும்பாலும் பொட்டலத்தில் வருகின்றன. திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, சம்பள நாளின் மிக்சர், எண்ணெய் ஊறிய செய்தித்தாள். அப்பாவின் ருசி வாங்கி வந்தது, அம்மாவின் ருசி செய்தது. அப்பா வாங்கி வந்ததற்கு ஒரு விலை உண்டு, அதைக் கிண்டியவருக்கு ஒரு கூலி உண்டு. தினமும் வர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. வராத நாளில் யாரும் அவருடைய அன்பைச் சந்தேகிப்பதில்லை. அம்மாவுக்கு ஒருநாள் குழம்பு தீய்ந்துபோனால், ‘மனசு எங்கே இருந்தது’ என்று கேட்பார்கள்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை இந்த இடத்தில் மறுபடி படிக்க வேண்டும். 1988இல் வந்த தொகுப்புக்கும் அதுவே பெயர். ராஜஸ்தானக் குடும்பம் ஒன்று. உண்பதும் உண்ணத் தருவதும் அந்த வீட்டின் பெருமை. ஆனால் அந்த உணவெல்லாம் பிறக்கும் சமையலறை ஒரு மூலையில், இருட்டாக, வசதியில்லாமல் கிடக்கிறது. வீட்டுக்கு மருமகளாக வந்த மீனாட்சி அதைச் சரிசெய்யலாமே என்கிறாள். மாமனார் செய்யும் ஏற்பாட்டில், மலை தெரிந்துகொண்டிருந்த இடத்தில் துணிக் கொடிகள் வந்துவிடுகின்றன. ஈரத் துணிகள் மலையை மறைக்கின்றன. பேரப்பிள்ளைகள் அந்த வீட்டின் ருசியை என்றாவது நினைவுகூரலாம். மலை மறைந்துபோனதை அவர்கள் நினைக்க வழியில்லை. பெண்களுக்கு அந்தச் சமையலறையில் கிடைக்கும் அதிகாரத்தையும் அம்பை சும்மா விடவில்லை. சாவிக்கும் கரண்டிக்கும் நடக்கும் போட்டி எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைபட்ட போட்டி என்பதை அந்தக் கதை காட்டுகிறது. கைமணம் என்ற புகழும் அந்தச் சிறிய இடத்தில் கொடுக்கப்படும் பட்டம்தான்.

எல்லா அம்மாக்களுக்கும் இந்தப் பட்டம்கூடக் கிடைத்ததில்லை. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில், பாட்டி வேலை செய்யும் நாயக்கர் வீட்டில் மிஞ்சிய சோற்றை வாங்கும் காட்சி உண்டு. பாத்திரத்தைச் சாக்கடையோரம் வைக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா தொடாமல், தள்ளி நின்று அதில் கொட்டுவார். அந்தச் சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த பாட்டியின் ருசியை எந்தச் சொல்லால் குறிப்பது? கைமணம் என்ற சொல்லுக்குள் அது அடங்காது. ஒரு வீட்டுப் பிள்ளையின் இனிய நினைவில் இருக்கும் அதே சோறு, மறுநாள் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் அவமான நினைவாகவும் இருந்திருக்கலாம். அம்மாவின் சமையலை எல்லாருக்கும் பொதுவான, சாதியில்லாத ஓர் இனிமையாக எழுதும்போது நாம் இதையும் சேர்த்தே மறைக்கிறோம்.

என் வீட்டிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்குக் குமரி மாவட்டம், அப்பாவுக்கு மதுரைப் பக்கம். அம்மா பிறந்த வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் தாளிப்பு கிடையாது. எங்கள் வீட்டில் அது தலைக்கு மட்டும். “தலையில தேய்க்கிற எண்ணெயில தாளிச்சா மனுசர் தின்ன முடியுமா?” என்று அப்பத்தா ஒரே ஒரு முறை கேட்டார்களாம். அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவும் அப்பத்தாவும் கல்யாணம் காட்சி என்று வெளியூர் போகும் நாளில் மட்டும் அம்மா உள்ளித் தீயல் வைப்பார். தேங்காய்த் துருவலைக் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து, மல்லியும் வற்றல் மிளகாயும் சேர்த்து அம்மியில் மைய அரைத்து, சின்ன உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவார். அன்று அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் காத்திருக்கவில்லை, எங்களோடு உட்கார்ந்து உண்டார். தட்டை வழித்து உண்டார். சாயங்காலத்துக்குள் ஜன்னலெல்லாம் திறந்து வைத்து வாசத்தை வெளியேற்றிவிடுவார். ஆண்டு முழுக்க அவர் வைத்த மதுரைக் குழம்பும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அம்மாவின் ருசி என்று நான் சொல்வது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்த அந்தத் தீயலைத்தான். அதில் மட்டும்தான் அம்மா தனக்காக உப்புப் பார்த்தார்.

இதை வைத்துத்தான் என் மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன். அம்மாவின் சமையலைப் பற்றி எழுதுங்கள் என்றால் எல்லாரும் இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன்: உங்கள் அம்மா தன் பிறந்த வீட்டில் விரும்பி உண்டு, உங்கள் வீட்டில் சமைக்காமல் விட்ட பண்டம் எது? பலருக்கு உடனே பதில் தெரியவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கேழ்வரகுக் களி. அரிசிச் சோறு உண்பதையே கௌரவமாக நினைத்த புகுந்த வீட்டில் அது நின்றுபோனது. ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த ஓர் அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பு. வாசம் தெருவுக்குப் போகும் என்று மாமனார் தடுத்துவிட்டார். ஒரு மாணவி எழுதியது எனக்கு மறக்கவில்லை. அவளுடைய அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியலையே’ என்றாராம். நற்றிணைச் செவிலி வியந்த அந்த ஒழுக்கம் முழுதாகக் கைகூடினால் வந்து சேரும் இடம் இதுதான்.

ஓர் எதிர்க்கேள்வி வரும். அன்பாகச் செய்ததை எல்லாம் உழைப்பு, சுரண்டல் என்று கணக்குப் போட்டால் நினைவில் என்ன இனிமை மிஞ்சும்? அம்மாக்களே அந்தப் பாராட்டில் மகிழ்ந்தார்களே? மகிழ்ந்தார்கள்தான். குறுந்தொகைத் தலைவியின் முகமும் மலர்ந்ததுதான். அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடிய மகிழ்ச்சி அது ஒன்றாகவே இருந்தது என்பதுதான் என் வருத்தம். கணக்கும் தேவைதான். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடுவோரே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை ‘மணம்’ என்று எழுதினால் அது காற்றில் கரைந்துவிடும்.

அதனால் ருசி நினைவை விட்டுவிடச் சொல்லவில்லை, இன்னும் ஒரு தலைமுறை பின்னால் கொண்டுபோகச் சொல்கிறேன். நம் நாக்கில் நின்ற நினைவு நம்மோடு முடிகிறது. அம்மாவின் நாக்கில் நின்றதைக் கேட்டால் அது அவருடைய அம்மாவின் அடுப்புக்குப் போகும், யாரும் எழுதி வைக்காத தாய்வழி ஒன்று அங்கே கிடைக்கும். ருசியைப் பற்றிய கவிதை ஒன்றைப் படிக்கும்போது, இதில் சமைத்தவள் உண்டாளா, அவளுக்குப் பிடித்ததா, இது அவளுடைய ஊர்ப் பண்டமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்கலாம். கேட்டால் நல்ல கவிதை கெட்டுப்போகாது. எந்தக் கவிதை அம்மாவைப் பார்த்தது, எது கையை மட்டும் பார்த்தது என்பது தெரியவரும்.

அம்மா உயிரோடு இருப்பவர்கள் அந்தப் பண்டத்தின் பெயரைக் கேட்டு, அளவையும் பக்குவத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவரைச் சமைக்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் சமையுங்கள், வீட்டில் அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களும் சேர்ந்து சமைக்கட்டும். கொதிக்கும்போதே ஒரு கரண்டி எடுத்து ஆற்றி அவர் உள்ளங்கையில் விட்டு, உப்புச் சரியா என்று முதலில் அவரைக் கேளுங்கள்.